நோய் பாதையில், மருந்து எஞ்சினுக்கா?

பிரித்தானியாவில் மாதிரிப் புகையிரதம் ஓட்டும் பொழுதுபோக்காளரிடம் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. பாதை பிரியுமிடத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், உடனே அதைத் தூக்கிக் கவிழ்த்துச் சில்லுகளைத் துடைப்பார்கள். மீண்டும் நின்றால் விரலால் ஒரு தள்ளு. துடைப்பது தவறன்று, அழுக்கு மின்சாரத்துக்குப் பகைதான். ஆனால், நேர்ப்பாதையில் தடங்கலின்றி ஓடும் எஞ்சின் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் உயிர்விடுவதேன்?

தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் முனையை அவர்கள் 'தவளை' என்பர். வயர் வேலை வேண்டாதோருக்கென விற்கப்பட்ட பாதைமாற்றிகளில் இத்தவளை வெறும் பிளாஸ்ரிக். அதில் மின்சாரம் இல்லை. நீண்ட எஞ்சின் மற்றச் சில்லுகளால் மின்னெடுத்துத் தாண்டிவிடும். நான்கே சில்லுள்ள சிறிய எஞ்சின், பாவம், என்ன செய்யும்?

வசதி என்று விற்றதன் விலை இது. பிறகு எஞ்சினுக்குள் வைக்க மின்தேக்கியும் விற்கிறார்கள்! டிஜிட்டல் கட்டுப்பாட்டில் அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அது மூச்சடக்கி ஓடுவது, பாதை திருந்துவதில்லை.

உலோகத் தவளையை வாங்குங்கள். பாதை மாறும்போது தவளையின் மின்முனைவும் மாறும்படி பலகைக்கு அடியில் ஓர் ஆளியைப் பொருத்துங்கள். இல்லையேல் குறுஞ்சுற்று நிச்சயம். டெவனிலுள்ள பீக்கோ நிறுவனத்தின் பிந்திய 'யூனிஃபுரொக்' வகையில் உலோக முனை தனித்திருக்கிறது. அடியில் தொங்கும் வயரை இணைத்தால் அது உயிர்பெறும். அந்த வயரை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சினைத் திட்டுவோரை என்னென்பது!