வக்கீல் சன்னதும் கட்சிக்காரன் கண்ணும்

சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவனுடைய எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற நாம், நமது நிலத்தையும் மானத்தையும் ஒருவர் கையில் ஒப்புவிக்கும்போது அவருடைய சன்னதைப் பார்க்கிறோமா? இல்லை. கறுப்புக் கோட்டைக் கண்டதும் கும்பிட்டுவிடுகிறோம். காவியைக் கண்டு கும்பிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வண்டியூர்க் குடியானவர் ஒருவர் வரப்புத் தகராறுக்காக மதுரைக் கோர்ட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஒருவர் எதிர்கொண்டு, வக்காலத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, பீசும் பெற்றுக்கொள்ளுகிறார். அவர் வக்கீல்தானா என்று இவருக்கு யார் சொல்லுவது? வாய்தா தவறி நிலம் போனபிறகு தெரிந்து பயன் என்ன?

சட்டம் இல்லாமலில்லை. 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, மாகாண பார் கவுன்சில் வக்கீல்களின் பெயர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். 22-வது பிரிவுப்படி பதிவுச் சான்று கொடுக்க வேண்டும். உரிமையில்லாமல் வக்கீல் தொழில் செய்தால் 45-வது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை. இவ்வளவும் இருந்தும், 2023-ம் வருஷம் ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு, நாட்டிலுள்ள வக்கீல்களின் பட்டங்களைச் சரிபார்க்க ஒரு குழு நியமிக்க நேர்ந்தது. படித்தவர்கள் கூட்டத்திலேயே இந்தச் சந்தேகம் என்றால், பாமரன் யாரை நம்புவான்?

பிரமாண விஷயமும் இப்படித்தான். ஜட்ஜும் மந்திரியும் எடுக்கும் பிரமாணம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் அச்சாகியிருக்கிறது. ஆண்டவன் பெயரால் சொல்லலாம், உளமாரவும் சொல்லலாம். நமக்கு இரண்டாவதே போதும். ஆனால் பதிவு நாளில் வக்கீல் மேடையேறி எடுக்கும் உறுதிமொழியைக் கட்சிக்காரன் எங்கே பார்க்கிறான்? யாருக்காக வாக்குக் கொடுக்கப்பட்டதோ அவன் காதில் விழாத வாக்கினால் என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், எந்த வக்கீலின் பெயரைக் கேட்டாலும் அவர் பதிவான நாள், சன்னது நடப்பிலிருக்கிறதா, தண்டனை உண்டா என்பதை எவரும் பார்த்துக்கொள்ளலாம். அதனால் அங்கே வக்கீல்களின் யோக்கியதை குறைந்துவிடவில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்றே. ஒவ்வொரு கோர்ட்டு வாசலிலும் அங்கே தொழில் நடத்தும் வக்கீல்களின் பெயர், பதிவு நம்பர், வருஷம் ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். சன்னது நிறுத்தப்பட்டால் அந்த வாரமே அதில் குறிக்க வேண்டும். வக்காலத்துக் காகிதத்தின் பின்புறம் உறுதிமொழியைத் தமிழில் அச்சிட வேண்டும்.

இது வக்கீல்களுக்கு விரோதமான பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். அல்லவே அல்ல. போலி ஒழிந்தால் முதல் லாபம் யோக்கியமான வக்கீலுக்கே. அதுவரையில், தோழர்களே, கைநாட்டு வைக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஐயா, உங்கள் பதிவு நம்பர் என்ன?" உண்மை வக்கீல் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால், கைநாட்டு வைக்காமல் வீடு திரும்புங்கள்.