தபாலில் வரும் ஆசிரியர்

‘எங்கே படித்தீர்கள்?’ என்ற கேள்விக்குக் ‘கரஸ்’ என்று பதில் சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்வது நம் நாட்டில் பழைய வழக்கம். டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது 1962-ல். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அங்கீகாரம் பெற்ற தொலைதூரக் கல்விப் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அறிவித்தும் விட்டது. ஆனாலும் தாழ்ந்த குரல் இன்னும் முழுதாக நிமிரவில்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால் நிமிர்ந்திருக்க வேண்டும். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2020-21-ல் நாட்டில் உயர்கல்வி பயின்றவர்கள் 4.14 கோடிப் பேர். இவர்களில் தொலைதூரக் கல்வி மாணவர்கள் 45.71 லட்சம், ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர். அவர்களில் பெண்கள் 20.9 லட்சம். ‘இக்னோ’ என்று அழைக்கப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1987-ல் இரண்டே இரண்டு டிப்ளமோ படிப்புகளோடும் 4,528 மாணவர்களோடும்தான் ஆரம்பித்தது. இன்று அதன் மாணவர் எண்ணிக்கை லட்சங்களில்.

இந்தக் கவர்ச்சிக்குக் காரணம் தேட ஆராய்ச்சி தேவையில்லை. ஏதேனும் ஒரு படிப்பு மையத்தில் ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தால் போதும். இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேரே வந்தவர், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன இல்லத்தரசி, பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படும் குமாஸ்தா, மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் மாறும் ராணுவத்தினர் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் குறைவு. வேலையை விடவேண்டாம். வயது தடையில்லை. கல்லூரி இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை, இது காத்திருக்கிறது.

வெறும் அஞ்சல்வழிப் படிப்பைத் திறந்தநிலைக் கல்வியாக மாற்றிக் காட்டியது ஹைதராபாத். 1982-ல் அங்கே பிறந்த ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் (இன்றைய அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இவ்வகையில் இந்தியாவின் முதலாவது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி, பிறகு ‘இக்னோ’வுக்கும் அவரே முதல் துணைவேந்தர். பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் ஒரு தகுதித் தேர்வு எழுதிப் பட்டப் படிப்பில் சேரலாம் என்று அங்கே கதவு திறக்கப்பட்டது. அதைவிட முக்கியமாக, பாடங்கள் தெலுங்கில் எழுதப்பட்டன. அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள்கூட அந்தப் புத்தகங்களைத் தேடிப் படிக்கிறார்கள் என்றால் அவற்றின் தரத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வகுப்பறையில் பாடப் புத்தகம் மோசமாக இருந்தாலும் ஆசிரியர் சமாளித்துவிடுவார். ‘இறுதிநிலைப் பயன்பாடு’ என்ற பொருளாதாரச் சொல்லைக் கேட்டு மாணவன் விழித்தால், ‘பசியோடு உட்காருகிறவனுக்கு முதல் சப்பாத்தி தரும் திருப்தியை ஐந்தாவது சப்பாத்தி தருமா?’ என்று ஒரு கேள்வி போதும், புரிந்துவிடும். தபாலில் படிக்கிறவனுக்கு அந்தச் சப்பாத்தியை யார் போடுவது? அவனுக்குப் புத்தகம்தான் ஆசிரியர். ஆங்கிலத்தில் எழுதிய பாடத்தை அகராதி பார்த்து வரிக்கு வரி மாற்றி அனுப்பினால், ‘இறுதிநிலை’ என்பது ஏதோ மரணப்படுக்கை என்றே அவன் நினைத்துக்கொள்ளக் கூடும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மாணவனுக்காக மொழிபெயர்ப்பது நாவலை மொழிபெயர்ப்பதைவிடப் பொறுப்பான வேலை. நாவல் புரியாவிட்டால் மூடி வைத்துவிடலாம். இங்கே மூடினால் ஒருவருடைய பட்டமே போய்விடும்.

புத்தகத்துக்கு அடுத்தபடி அசைன்மென்ட். ‘இக்னோ’வின் பல படிப்புகளில் இதற்கு 30 சதவீத மதிப்பெண் உண்டு. மாணவன் எழுதி அனுப்பும் விடையைப் படித்து, எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவதுதான் இதன் நோக்கம். முகம் பார்க்காத ஆசிரியரும் மாணவனும் பேசிக்கொள்ளும் இடம் அந்த ஓரக் குறிப்பு ஒன்றுதான். வெறும் மதிப்பெண்ணை மட்டும் போட்டு அனுப்பினால் அந்தப் பேச்சும் நின்றுவிடுகிறது.

பாடமும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் பட்டத்தை மட்டும் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு சாட்சி. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தபால் வழியில் பொறியியல் பட்டம் வழங்கியிருந்தன. 2001-லிருந்து 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மறுபடி தேர்வு எழுதித் தேறினால்தான் செல்லும் என்றார்கள். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. அந்தப் பட்டத்தை நம்பி வேலை பார்த்தவர்கள், பதவி உயர்வு வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் தெருவுக்கு வந்த மாதிரி நின்றார்கள். கட்டணம் வாங்கிய கையும் கண்மூடியிருந்த அதிகாரியும் முதல் குற்றவாளிகள். அடி விழுந்ததோ மாணவன் தலையில்.

இப்போது தபால்காரர் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம் 2017-லிருந்து இயங்குகிறது. பல்கலைக்கழகங்கள் ஆன்லைன் பட்டங்களும் தருகின்றன. புத்தகம் தாமதமாகிறது என்ற புலம்பல் இதனால் குறையும். ஆனால் வீடியோவில் பேசும் பேராசிரியரும் மாணவனின் விழிப்பைப் பார்ப்பதில்லை. பழைய கேள்வி புதிய கருவியிலும் அப்படியேதான் இருக்கிறது: சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

ஆகவே சேரப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று மானியக் குழுவின் பட்டியலில் பாருங்கள். பிறகு பாடப் புத்தகம் ஒன்றை வாங்கிப் பத்துப் பக்கம் படியுங்கள். யாரும் சொல்லித் தராமலே புரிந்தால் பணத்தைக் கட்டுங்கள். பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் விளம்பரம் செய்கிறீர்கள். எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் அதே பக்கத்தில் அதே எழுத்தில் போடுங்கள்.