இடிக்கும் முன் கிராம சபையைக் கேளுங்கள்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போகும் சாலை ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தியைத் தொடுகிறது. 1967-ல் தொடங்கிய சிறு உயிரியல் பூங்காவைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் இங்கே வருவார்கள். எனக்கு அமிர்தி என்றால் கடுக்காய். மலையாளிப் பழங்குடி மக்கள் இந்தக் காட்டில் பொறுக்கி, மூட்டை கட்டிக் கீழே இறக்கிய சரக்குகளில் அதுவும் ஒன்று. அடிவாரத்தில் அதை இரண்டு பேர் வாங்கினார்கள். ஒருவர் தோல்ஷாப்புக்காரர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இல்லாமல் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்தின் பழைய தோல் வியாபாரம் இல்லை. இன்னொருவர் கொத்தனார். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை காலம் போகப் போக இறுகும். மலையிலிருந்து இறங்கிய ஒரே காய் தோலையும் பதப்படுத்தியது, சுவரையும் பிடித்து நிறுத்தியது.

அப்படி எழுந்த சுவர்களில் பள்ளிக்கூடச் சுவர்களும் உண்டு. சுண்ணாம்பும் செங்கலும் சேர்ந்த கனத்த சுவர், மேலே மங்களூர் ஓடு, முன்னால் ஒரு தாழ்வாரம், பக்கத்தில் புங்கமரமோ வேப்பமரமோ. வடஆற்காட்டு ஊர்களில் வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சியை விவரிக்கத் தேவையில்லை. இன்று இந்தக் கட்டடங்கள் பலவற்றின் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு வரி இருக்கிறது: பழுதடைந்த கட்டடம், அருகில் செல்லாதீர். அந்த வரி எழுதப்பட்ட பிறகு ஒரே வழிதான். இடிப்பார்கள், கிடைக்கும் மரத்தையும் ஓட்டையும் ஏலம் விடுவார்கள், இடம் காலி மனையாகும். நடுவில் யாரும் ஊரைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இடிக்கும் அவசரம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். அந்தக் காரணம் அற்பமானதும் அல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைத் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி சாப்டர் மேல்நிலைப் பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பழுதானவற்றை இடிக்க அரசு உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் பட்டியலுக்கு வந்தன. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதன் முதற்கட்டமாக 784 கோடி ரூபாயில் 5,351 வகுப்பறைகளுக்கு 2023 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது வேலூர் மாவட்டத்தில்தான். புதிய வகுப்பறை வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பான கூரையின் கீழ்தான் உட்கார வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் திருநெல்வேலியில் விழுந்தது எது? நூற்றாண்டு கண்ட பள்ளியின் பழைய வகுப்பறை விழவில்லை. விழுந்தது கழிப்பறைச் சுவர். அடித்தளம் சரியில்லாமல் எழுப்பிய சுவர் அது என்று அப்போதே அதிகாரிகள் சொன்னார்கள். வயதான கட்டடம் ஆபத்தானது, புதியது பத்திரமானது என்ற கணக்கு அங்கேயே பொய்த்துவிட்டது. வேலூர்க் கோட்டைக்குள் 1846-ல் கட்டிய புனித ஜான் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. வயதைப் பார்த்து யாரும் அதை இடிக்கச் சொல்லவில்லை. கட்டடத்தின் உயிர் அதன் வயதில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது.

இந்த ஓட்டுக் கட்டடங்கள் எப்படிச் சாகின்றன என்பதை ஊர்க் கொத்தனாரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். காட்டோரத்து ஊரில் முதலில் குரங்கு ஓட்டைப் பெயர்க்கும். பெயர்ந்த ஓட்டை மாற்றி வைக்க ஆள் வராது. ஒரு மழைக்காலம் தண்ணீர் இறங்கினால் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை ஊறும், கறையான் ஏறும், அடுத்த மழைக்கு ஓடு சரியும். அதற்குள் யாராவது ஒரு நிதியாண்டின் கடைசியில் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூச்சு பூசிப் பெயிண்டும் அடித்திருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர். சிமென்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சுவர் உப்புப் பூத்து உதிரும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது இற்றுப்போன சுவர். உண்மையில் தவறான மருந்து கொடுக்கப்பட்ட சுவர். ஓட்டை மாற்றி, ரீப்பரைப் புதிதாக அடித்து, சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினால் பிழைக்கக்கூடிய கட்டடங்களும், எதைச் செய்தாலும் பிழைக்காத கட்டடங்களும் ஒரே பட்டியலில் ஒரே சிவப்புப் பெயிண்டோடு நிற்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இந்த வேலை நமக்குத் தெரியாதது என்று சொல்ல முடியாது. 2012 ஜனவரியில் தீயில் எரிந்த சேப்பாக்கம் கலஸ் மகாலை மீட்டுக் கட்டியது நம் பொதுப்பணித் துறை. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இயங்குகிறது. எரிந்துபோன அரண்மனையை எழுப்பிய துறைக்கு ஒரு தொடக்கப்பள்ளியின் ஓட்டுக் கூரை பெரிய காரியமா? அமிர்திக்குப் போகும் வழியில் பாகாயத்திலேயே தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. சிவில் மாணவர்களும் ஆசிரியர்களும் வந்து அளந்து, சோதித்து, இந்தச் சுவர் நிற்கும், இந்தச் சுவர் நிற்காது என்று எழுதித் தரலாம். நிற்காததை இடித்துவிடுங்கள். அதற்கு ஒருவரும் கண்ணீர் விட வேண்டியதில்லை.

நிற்கும் என்று தெரிந்த கட்டடத்தை என்ன செய்வது? குழந்தைகளுக்குப் புதிய வகுப்பறை வந்துவிட்டது. பழையது ஊருக்கு வரட்டும், சமுதாயக் கூடமாக. இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. இந்தப் பள்ளிகளில் பலவற்றை ஊரே கட்டியது. காமராசர் ஆட்சிக் காலத்தில், 1958 தொடங்கி, கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் மனை கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள், பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்தார்கள். தோல் வட்டாரத்தில் அதற்கும் முன்பே இந்தப் பழக்கம் இருந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் எழுந்தது அந்த ஊர் மக்களின் கொடையில். மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீமின் பெயர் கொடைக்கே இன்னொரு பெயராக இந்தப் பக்கம் வழங்குகிறது. பாட்டனார் தூக்கிக் கொடுத்த கல்லைப் பேரனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏலம் விடுவது முறையல்ல.

சமுதாயக் கூடத்துக்குப் புதிதாகவே ஒரு கட்டடம் கட்டிக்கொள்ளலாமே, பழைய பள்ளிதான் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மாவட்டத்து ஊர்களின் அமைப்பை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். சமுதாயக் கூடம் ஊருக்குள் கட்டினால் காலனிக்காரர் வருவதில்லை, வரவிடுவதுமில்லை. காலனியில் கட்டினால் ஊர்க்காரர் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு இடத்தில் இரண்டு கூடம் கட்டி, பிரிவினைக்கு அரசே சுவர் எழுப்பிக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வாசல் வழியாக உள்ளே போய், ஒரே தரையில் உட்கார்ந்த கட்டடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது பள்ளிக்கூடம். அங்கேயும் தீண்டாமை இருந்தது. தனிக் குவளையும் பின்வரிசையும் இருந்தன. இருந்தாலும் எனக்கும் இங்கே இடம் உண்டு என்று எல்லாச் சாதிக்காரரும் சொல்லக்கூடிய வேறு கூரை ஊரில் இல்லை. புதுக் கட்டடத்தை எத்தனை கோடி கொட்டிக் கட்டினாலும் இந்த ஒன்றை அதற்குள் வைக்க முடியாது. பழைய பள்ளியைக் காக்கச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தேவையும் கண்முன்னே இருக்கிறது. ஆம்பூரைச் சுற்றிய ஷூ கம்பெனிகளின் பஸ்கள் விடியும் முன்பே ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. அவர்கள் திரும்பி வரும்வரை பிள்ளைகள் பள்ளி விட்ட பிறகு எங்கே இருப்பார்கள்? மகளிர் குழுக் கூட்டம் இன்றும் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன் மின்விசிறி ஓடும் ஓர் அறைக்காக வேலூருக்கு பஸ் ஏறுகிறான். மலைமேல் நிலைமை இன்னும் கடினம். அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகளில் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தது. சாலை இல்லாததால் உடலைத் தாயே கையில் சுமந்து மலையேற வேண்டியிருந்தது. அங்கே முதல் தேவை சாலையும் மருந்தும்தான், கட்டடம் அல்ல. ஆனால் மருத்துவ முகாம் போட, கிராமச் செவிலியர் உட்கார, முதலுதவி மருந்து வைக்க ஒரு நல்ல கூரையாவது மலையில் இருக்க வேண்டாமா? இருக்கும் கூரையை எதற்கு இறக்க வேண்டும்?

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. காப்பாற்றிய கட்டடம் பூட்டிக் கிடந்தால் இடித்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினோம். நல்ல திட்டம். அவற்றில் எத்தனையோ, திறக்க ஆளில்லாமல் பூட்டிய கதவும் ஒட்டடையுமாக நின்றதை நாம் பார்த்தோம். கட்டப் பணம் ஒதுக்கிய அரசு, தினமும் கதவைத் திறப்பவருக்குச் சம்பளம் ஒதுக்க மறந்தது. பழைய பள்ளியைக் கூடமாக்கினாலும் அதே கதி வரலாம். இல்லையென்றால் செல்வாக்குள்ளவர் நெல் மூட்டை அடுக்குவார், கட்சிக்காரர் கொடி நடுவார். சாவியை ஊராட்சித் தலைவர் வீட்டில் வைத்தால் தலைவருக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் கூடம். சாவி மகளிர் குழுக் கூட்டமைப்பிடம் இருக்க வேண்டும், காலனிப் பெண்களும் அதில் சமமாக இருக்க வேண்டும், திறக்கும் ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். கூரை மாற்றும் செலவை விட இதுதான் கடினமான பகுதி.

செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் பிள்ளைகள் எண்ணிக்கை சரிந்ததால் 2002 முதல் 2020 வரை 8,580 பொதுப் பள்ளிகள் மூடப்பட்டன. அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 2010-லிருந்தே, காலியான பள்ளிகளையும் இடம் தேடுபவர்களையும் இணைத்து வைக்கிறது. இன்னும் நிற்கும் கட்டடங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஏதோ ஒரு பயனில் இருக்கிறது. முரோட்டோ என்ற கடலோர ஊரில் மூடிய தொடக்கப்பள்ளி 2018-ல் மீன் காட்சியகம் ஆனது. பிள்ளைகள் நீந்திய குளத்தில் இப்போது கடலாமைகள் நீந்துகின்றன. இங்கிலாந்தில் 2011-ன் உள்ளாட்சிச் சட்டப்படி, ஊருக்கு வேண்டிய கட்டடம் என்று பட்டியலில் சேர்த்த ஒன்றை விற்க நினைத்தால், ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கேட்க ஆறு மாத அவகாசம் தர வேண்டும். நமக்கு அப்படி ஓர் அவகாசம் சட்டத்தில் இல்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி படுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எல்லாவற்றையும் விட நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர் எனக்குப் பெரிய உதாரணம். 2019-ல் மாணவர்களே இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்தது. குளத்தூர்த் தொடக்கப்பள்ளியும் அப்படி நூலகமானது. பள்ளி போய்விட்டது என்று உறைத்ததும் ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சில நாள்களிலேயே நூலகம் மறுபடியும் பள்ளியானது. கட்டடம் நின்றதால் அது முடிந்தது. இடித்து ஏலம் விட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளை எங்கே உட்கார வைத்திருப்பார்கள்?

பணம் இருக்கிறது. 2013-ன் கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவோ உள்ள நிறுவனங்கள், மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைச் சீரமைப்பதும், கல்வியும், ஊரக வளர்ச்சியும் அந்தப் பட்டியலில் உள்ளன. பாலாற்றுப் படுகையின் மண்ணும் கிணறும் தோல் கழிவால் என்ன ஆயின என்பது 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் சொன்ன தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது இந்த வட்டாரத்தின் கண்ணீரில்தான். இங்கே சம்பாதித்த தொழிலுக்கு இந்த ஊர்களிடம் கடன் இருக்கிறது. சில பள்ளிக் கூரைகள் அந்தக் கடனை அடைக்கா, ஆனால் வட்டியில் ஒரு பங்காகட்டும். மீதிக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு ஒரு பங்கு போடும். உழைப்புக்குப் பஞ்சமில்லை. வறண்டு கிடந்த நாகநதியில் நூறுநாள் வேலைப் பெண்கள் செறிவூட்டுக் கிணறு தோண்டித் தண்ணீரை மீட்டது இதே கணியம்பாடிப் பக்கத்தில்தான்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய கட்டடத்தில் சிவப்புப் பெயிண்ட் விழுந்திருந்தால் அடுத்த சபைக்குப் போங்கள். தகுதியுள்ள பொறியாளர் சோதித்து எழுதித் தரும்வரை இடிக்கக் கூடாது, நிற்கும் என்று தெரிந்தால் ஊராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும், சாவி மகளிர் குழுவிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.