படிக்குக் கீழே ஒரு படை

தேசிய மாணவர் படையில் இனிமேல் 20 லட்சம் பேர்! கூடுதலாக 3 லட்சம் இடங்களுக்கு 2024-ல் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் கொடுத்துவிட்டார். 1948-ல் 20 ஆயிரம் பேரோடு ஆரம்பித்த என்.சி.சி., நூறு மடங்கு ஆகிறது. பயிற்சி கொடுக்க முன்னாள் ராணுவத்தினரை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். நல்ல விஷயம்தான். கை தட்டிவிட்டு, ஒரு சந்தேகம் கேட்கிறேன். இத்தனை பேரையும் எங்கே சார் வைக்கப் போகிறீர்கள்?

உங்கள் ஊர் கல்லூரிக்குப் போய், 'என்.சி.சி. ரூம் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். புரொஃபசர்களுக்கே சட்டென்று தெரியாது. வாட்ச்மேன்தான் வழி காட்டுவார். பல இடங்களில் அது மாடிப்படிக்குக் கீழே இருக்கும். அல்லது சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக. உடைந்த பெஞ்ச், போன வருஷத்து விடைத்தாள் கட்டு, ஆண்டு விழா பேனர் இவற்றோடு பூட்ஸும் பெல்ட்டும் தொப்பியும் குடித்தனம் நடத்தும். மழைக்காலத்தில் பூஞ்சை இலவசம்.

பையன்களாவது மரத்தடியில் சட்டையை மாற்றிக்கொள்வார்கள். பெண்கள்?

விடுமுறை நாள், காலை ஆறரை மணிக்கு பரேடு. கிராமத்திலிருந்து முதல் டவுன் பஸ் பிடித்து வருகிற பெண், யூனிஃபார்மை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருவாள். போட்டுக்கொண்டே வந்தால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வந்த இடத்தில் மாற்ற அறை கிடையாது. திறந்து கிடக்கிற வகுப்பறைதான். தாழ்ப்பாள் இருக்காது. இரண்டு பேர் கதவை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் ஜன்னலுக்குத் துப்பட்டா விரிக்க, முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பது என்.சி.சி.யின் கொள்கை முழக்கம். ஒற்றுமை இந்த இடத்தில் நன்றாகவே தெரிகிறது!

இந்தப் பெண்கள் பொழுது போகாமல் வருகிறவர்கள் இல்லை. 'சி' சர்டிஃபிகேட்டில் நல்ல கிரேடும் டிகிரியில் தேவையான மார்க்கும் இருந்தால், ராணுவ அதிகாரி ஆவதற்கு யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்முகத் தேர்வுக்குப் போக ஒரு வழி இருக்கிறது. அதில் தேறினால் பரங்கிமலை அகாடமி. தமிழ்நாடு போலீஸ் தேர்விலும் இந்தச் சான்றிதழுக்கு மார்க் உண்டு. சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நேரான பாதை எத்தனை இருக்கிறது?

'அதான் கிரவுண்டு இருக்கே சார், அப்புறம் எதுக்கு ரூம்?' என்று ஒரு கல்லூரி முதல்வர் என்னிடம் கேட்டார். அவர் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் குடியரசு தின அணிவகுப்பு போட்டோ. அவர் சல்யூட் வாங்குகிறார். சல்யூட் அடிக்கிற பெண் எங்கே உடை மாற்றினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

கெமிஸ்ட்ரி பாடம் ஆரம்பிக்க வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்திலிருந்து குழு வருகிறது. லேப் எங்கே, தண்ணீர் வசதி எங்கே, எத்தனை பேர் நின்று செய்யலாம் என்று குடைந்தெடுக்கிறது. 2021-ல் யு.ஜி.சி., என்.சி.சி.யையும் மதிப்பெண் உள்ள விருப்பப் பாடமாகக் கொண்டுவரும்படி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. பாடம் என்றால் அதற்கு இடம் வேண்டாமா? நாக் குழு வரும்போது மட்டும் இதே மாணவர்களை வாசலில் நிறுத்தி வரவேற்கத் தெரிகிறது. அந்தக் குழுவாவது மாடிப்படிப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கக்கூடாதா?

பரேடு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முகாம் பத்து நாள். லீவில் ஏதாவது ஒரு கல்லூரியைப் பிடித்து, பெஞ்சுகளை மூலையில் அடுக்கிவிட்டு, வகுப்பறைத் தரையில் படுக்கை. நானூறு, ஐந்நூறு பேர் வருகிற முகாமில் கக்கூஸ் எத்தனை, ராத்திரி வராந்தாவில் விளக்கு எரிகிறதா, பெண்கள் தூங்குகிற மாடிக்கு யார் காவல்... இதெல்லாம்தான் முதலில் பேச வேண்டிய விஷயம்.

ஏன் என்பதற்கு 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததே போதும். அது கல்லூரி இல்லை, தனியார் பள்ளி. என்.சி.சி. முகாம் என்ற பெயரில் சிறுமிகளை மாடியில் இருந்த அரங்கத்தில் தங்கவைத்தார்கள். மேற்பார்வைக்கு ஆசிரியர்களைப் போடவில்லை. ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். வேறு சிறுமிகளும் புகார் சொன்னார்கள். பிறகு பார்த்தால், அது என்.சி.சி. முகாமே இல்லை! அந்தப் பள்ளியில் யூனிட்டும் கிடையாது. இப்படி ஒரு முகாம் நடத்தினால் யூனிட் கிடைக்கும் என்று நிர்வாகத்தை நம்பவைத்திருக்கிறார்கள் என்றது போலீஸ். யூனிட் வாங்கும் ஆசை இருந்தது. பிள்ளைகள் எங்கே, யார் பொறுப்பில் தூங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பட்டாலியன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

'சாவ்தான்', 'விஷ்ராம்' என்ற இந்திக் கட்டளைகள் என்.சி.சி.யில் கூடாது என்று 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டசபையிலேயே தீர்மானம் போட்ட மாநிலம் இது. அட்டென்ஷனை எந்த மொழியில் சொல்வது என்பதற்கு அவ்வளவு ரோஷப்பட்ட நமக்கு, அட்டென்ஷனில் நிற்கிற பெண்ணுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை வேண்டும் என்பதற்கு ரோஷம் வரவில்லையே!

கோடிக்கணக்கில் யாரும் கேட்கவில்லை. சாமான் வைக்க, ஒழுகாத ஓர் அறை. பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை, ஒட்டினாற்போல் தண்ணீர் வருகிற கழிப்பறை. இரண்டுக்கும் பூட்டு, சாவி. அலங்கார வளைவுக்குச் செலவழிக்கும் பணத்தில் முடிகிற வேலை. இது இல்லாத கல்லூரிக்குப் புது யூனிட் கிடையாது, இருக்கிற யூனிட்டில் ஓர் இடம்கூடக் கூட்ட முடியாது என்று சொல்லட்டும். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் ராணுவ அதிகாரி மைதானத்தை அளந்தது போதும். அந்த இரண்டு கதவுகளையும் தன் கையால் ஒருமுறை தாழ்போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பேனாவை எடுக்கட்டும்.