பூந்தியா, லட்டா?

  

போன வாரம் ஆவடியில் சென்ட்ரல் லோக்கல் ஏறினால், பக்கத்து சீட்டில் ஒரு எம்.எஸ்சி. தம்பி. மடியில் ஃபைல், முகத்தில் கலவரம். ஜிங்க் ஆக்ஸைடு நானோ பவுடர் செய்து, எக்ஸ்.ஆர்.டி.யும் எடுத்தாச்சாம். "சைஸ் 28 நானோமீட்டர்ணே. ஆனா கைடு, என்ன ஷேப்புன்னு கேக்குறாரு. கிராஃப்ல ஷேப் எங்கண்ணே இருக்கு?"

இருக்கு ராசா. கிண்டி வளாகத்தில் உட்கார்ந்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழை முறுக்கு என்று 1954-ல் சொன்னதே எக்ஸ்-ரே படங்களை வைத்துத்தானே!

தம்பி வைத்திருந்தது சீனியர் விட்டுப்போன எக்ஸெல் ஷீட். 36.2 டிகிரியில் நிற்கிற உயரமான பீக்கின் அகலம் 0.3 டிகிரி. அதை ஷெரர் ஃபார்முலாவில் போட்டால் 28. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. (டிகிரியை ரேடியனாக மாற்ற மறந்து 0.49 என்று எழுதும் மகான்களும் உண்டு. ஜிங்க் ஆக்ஸைடின் ஒரு யூனிட் செல் உயரமே 0.52 நானோமீட்டர், சாமி!)

பால் ஷெரர் 1918-ல் சொன்ன விஷயம் எளிது. படிகத்தில் ஆயிரம் அடுக்கு இருந்தால், கோணம் துளி பிசகினாலும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக் காலி பண்ணிவிடும். பீக் ஊசி மாதிரி நிற்கும். ஐம்பது அடுக்குதான் என்றால் முழுசாகக் காலியாகாது, பீக் விரியும். ஆனால் எந்தத் திசையில் அடுக்குகளை எண்ணுகிறோம்? ஒவ்வொரு பீக்கும் ஒரு திசை. சாக்பீஸை நீளவாக்கில் அளந்தால் ஒரு கணக்கு, குறுக்கே அளந்தால் வேறு கணக்கு.

அம்பத்தூர் தாண்டும்போது மற்ற பீக்குகளையும் பார்த்தோம். 31.8-ல், அதாவது குறுக்குத் திசையில், அகலம் 0.4, அளவு 21. 34.4-ல், நீளத் திசையில், 0.2 மட்டுமே, அளவு 42. உருண்டையாக இருந்தால் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவு வரணும். இது குச்சி மாதிரி தெரியுது! "ஆவரேஜ் எடுத்து 30-னு போட்டுடவாண்ணே?" என்றான். அடப்பாவி, அந்த ஆவரேஜில்தானே குச்சி காணாமல் போகும்!

இன்னொரு வில்லன், மெஷின். அதுவும் பீக்கைத் தன் பங்குக்கு அகலமாக்கும். அதை லாந்தனம் ஹெக்ஸாபோரைடு மாதிரி ஸ்டாண்டர்டு பவுடரை வைத்து அளந்து கழிக்கணும். மெஷின் பங்கு 0.1 டிகிரி என்று வைத்து, நேரடியாகக் கழித்தால் 21 என்பது 28 ஆகும், 42 என்பது 83-க்கு எகிறும். ஒல்லியான பீக்குக்குத்தான் அடி பலம். படிகத்துக்குள் இருக்கிற இறுக்கமும் பீக்கை விரிக்கும். ஆனால் அது கோணம் கூடக் கூட வேறு வேகத்தில் ஏறும். 1953-ல் வில்லியம்சனும் ஹாலும் போட்ட பிளாட் அதைப் பிரிக்கத்தான்.

"அப்போ எஸ்.இ.எம். படத்துல 200 நானோமீட்டர் உருண்டையா தெரியுதே?"

அது லட்டு தம்பி. எக்ஸ்.ஆர்.டி. பார்ப்பது பூந்தியை. ஃபைலில் 'துகள் அளவு' என்று எழுதியிருந்ததை, வில்லிவாக்கத்தில் வண்டி நிற்கும்போது பேனாவால் அடித்து 'படிக அளவு' ஆக்கினான். ஸ்டாண்டர்டு கிராஃப் கேட்டு லேபுக்கு அப்போதே போன் போட்டான். "திங்கக்கிழமை வாங்க" என்றார்களாம். ரிவ்யூ செவ்வாய்.