எந்த ஆலங்குடி ஸார்?

ஆலங்குடி என்றதும் குரு பகவான் ஞாபகம் வந்தால், அது திருவாரூர் மாவட்டம். எங்கள் புதுக்கோட்டை ஆலங்குடியில் பலாப்பழம்! இங்கே பலா மண்டி வைத்திருக்கும் நண்பர், வெப்சைட்டில் 'ஆலங்குடி' என்று மட்டும் போட்டுவிட்டு, "கூகுள்ல தேடினா கோயில்தாம்ப்பா வருது. வியாபாரம் படுத்துடுச்சு" என்று புலம்பினார். குருவோடு போட்டி போட முடியுமா?

"கவர்ல ஊர் பேரை மட்டும் எழுதித் தபால் போடுவீங்களா?" என்றேன்.

கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011-ல் ஒரு பொது ஃபாரம் கொண்டுவந்தன. பெயர், ஸ்கீமா. என்ன கடை, எந்த மாவட்டம், பின்கோடு, போன், திறக்கும் நேரம்... எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். நம் கண்ணில் படாது, கூகுள் படித்துக்கொள்ளும். 'முதலிடம் நிச்சயம்' என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். கூகுளே அப்படிச் சொல்லவில்லை. எந்த ஆலங்குடி என்ற குழப்பம் குறையும், அவ்வளவுதான்.

நண்பர் உற்சாகமாகி, "'உலகின் நம்பர் ஒன் பலா'ன்னு எங்கே எழுதணும்?" என்றார்.

"அதுக்குக் கட்டமே கிடையாதுண்ணே!"