ஜெயபுரத்தின் தரவும் அயலார் முகிலும்

அண்மைக் காலத்து வணிக உலகில் ஒரு கோட்பாடு வேதவாக்கென ஓதப்பட்டு வருகின்றது. வயலிலும் ஆலையிலும் பண்டகசாலையிலும் உணரிகளைப் பொருத்துக. அவை தரும் அளவீடுகள் யாவற்றையும் தொலைவிலுள்ள பெருங்கணனிக் கூடங்களுக்கு அனுப்புக. என்ன செய்யவேண்டும் என்ற முடிவு அங்கிருந்து வந்து சேரும் என்பதே அக்கோட்பாடு. முகிற் கணிமை என்ற கவர்ச்சியான பெயரும் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. இதனை வன்னிப் பிரதேசத்துக்கு அப்படியே இறக்குமதி செய்ய முனைவோர் அறிவியலையும் அறியார், பொருளியலையும் அறியார். தரவு பிறக்கும் இடத்திலேயே அதனைப் பகுத்து முடிவு காணும் விளிம்புக் கணிமையே இப்பிரதேசத்துக்குப் பொருந்துவது. அக்கணிமை எவர் கையில் இருக்கும் என்பது அடுத்து எழும் வினா. முதல் வினாவினும் அது பெரிது.

கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த ஜெயபுரத்திலே, பாற் கூட்டுறவுச் சங்கமொன்று குளிரூட்டும் நிலையமொன்றை நடத்துவதாகக் கொள்க. பசுவின் மடியிலிருந்து உடற்சூட்டோடு வரும் பாலைச் சில மணி நேரத்துக்குள் 4 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தல் வேண்டும். தவறின் பால் கெடும். தொட்டியிலுள்ள வெப்ப உணரி 10 செக்கனுக்கு ஒருமுறை அளந்தால் நாளொன்றுக்கு 8,640 அளவீடுகள் சேரும். அவற்றுள் அலுவலகத்துக்குத் தேவையானவை அன்றைய உச்ச வெப்பநிலையும், பால் 4 பாகைக்கு மேல் நின்ற நேரமும், இயந்திரம் பழுதுற்றதா என்பதுமே. மோட்டாரின் அதிர்வை அளக்கும் உணரியின் நிலை இன்னும் தெளிவானது. செக்கனுக்கு 10,000 முறை, முறைக்கு 2 பைற் என அளப்பின், ஒரு நாளில் 1.7 கிகாபைற்றுக்கு மேல் குவியும். இந்த வெறும் எண் குவியலைக் கடல்கடந்து அனுப்பி, அதற்குக் கட்டணமும் செலுத்தி, “மோட்டாரின் தாங்கி தேய்கின்றது” என்ற ஒரு வரி விடைக்காகக் காத்திருப்பது எவ்வகைச் சிக்கனம்? உள்ளங்கையளவான சிறு கணனியொன்று அவ்விடத்திலேயே அவ்விடையைத் தந்துவிடும்.

இணைப்பு அறும் வேளையில் என்ன நிகழும் என்பதை முகில்வாதிகள் எண்ணிப் பார்ப்பதில்லை. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் தொடுகையுற்றமையே காரணம் என மின்சக்தி அமைச்சர் தெரிவித்தார். தெற்கே ஒரு குரங்கு தாவியமைக்கு வடக்கிலுள்ள வீடுகளும் இருளில் மூழ்கின. அதே ஆண்டு ஒக்ரோபர் 20 இல் அமெரிக்காவின் வட வேர்ஜீனியாவிலுள்ள அமேசன் கணனித் தொகுதி பழுதுற்றபோது, உலகெங்கும் பல நூறு சேவைகள் முடங்கின. செல்வர் வீடுகளில் வெப்பத்தைத் தானே சீராக்கும் படுக்கைகளுங்கூடக் கட்டளையின்றித் தடுமாறின. செல்வரின் உறக்கம் ஓரிரவு கெடுவதால் உலகம் கெட்டுவிடாது. ஆனால் ஜெயபுரத்துப் பாற்றொட்டி அத்தகைய கட்டளைக்காகக் காத்திருந்தால், கெடுவது பசு வளர்க்கும் குடும்பங்களின் அன்றைய உழைப்பு.

பெருந்தொழில்கள் இக்கோட்பாட்டைத் தமக்கெனக் கைக்கொள்வதில்லை என்பதும் அவதானிக்கத்தக்கது. மன்னார்த் தீவிலே 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியில் 30 சுழலிகள் உள்ளன. அவற்றின் மொத்தக் கொள்திறன் 103.5 மெகாவாற். இத்தகைய பெருஞ்சுழலி ஒவ்வொன்றும் தனக்குரிய கட்டுப்பாட்டுக் கணனியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கும். காற்று வரம்பு மீறி வீசும்போது அலகுகளைத் திருப்பிச் சுழற்சியை நிறுத்தும் முடிவு அக்கணத்தில் அங்கேயே எடுக்கப்படும்; சுருக்கமும் பதிவும் மட்டும் பின்னர் மேலிடத்துக்குச் செல்லும். மன்னாரின் காற்றாலைக்கு முறையெனப்பட்டது ஜெயபுரத்தின் பாற்றொட்டிக்கு மட்டும் மிகையாவது எவ்வாறு?

இக்கருத்து புதுமை வேட்கையில் நேற்று முளைத்ததும் அன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்தில் பயின்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மகாதேவ் சத்தியநாராயணன், தொலைதூரப் பெருங்கணனிகளுக்குப் பதிலாகப் பயனாளரின் அருகிலேயே சிறு கணனிக் கூடங்கள் அமைதல் வேண்டும் என்பதை மூவரோடு இணைந்து 2009 இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். உணரிகளின் செய்திகளைக் கொண்டுசெல்ல இன்று பெருவழக்கிலுள்ள எம்.கியூ.ரி.ரி. நெறிமுறை 1999 இல் உருவானதும், எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணித்தபோது இணைப்பு அரிதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தமையாலேயே. இணைப்பின் வறுமையை ஏற்றுக்கொண்டு சிந்தித்தவர்களே இத்துறையில் நிலைபெற்ற கருவிகளைப் படைத்தனர்.

இனி, ‘விளிம்பு’ என்னும் சொல்லைச் சற்று ஆராய்தல் தகும். எவருடைய விளிம்பு? மையத்தைக் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வேர்ஜீனியாவிலோ வைத்து வட்டம் வரைந்தவனுக்கே ஜெயபுரம் விளிம்பாகும். மூலப்பொருளை விளிம்பு நாடுகள் தருவதும், முடிவுற்ற பண்டத்தை மைய நாடுகள் விற்பதும் ஆகிய உறவைப் பொருளியலறிஞர் ராவுல் பிரெபிஷ் 1950 ஆம் ஆண்டளவிலேயே சுட்டிக் காட்டினார். அன்று இறப்பரும் தேயிலையும் கப்பலேறின. இன்று தரவு ஏறுகின்றது. வயலின் ஈரமும் கிணற்று நீரின் உவர்ப்பும் எண்களாகி வெளியேறி, ஆலோசனை என்ற பண்டமாக விலையோடு திரும்புகின்றன. பூநகரியில் 234 மெகாவாற் காற்றாலை அமைக்கும் திட்டமும் வெளியிலிருந்தே வந்தது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகியபோது வெளியிலேயே முடிந்தது. காற்று மட்டுமே பூநகரியினுடையதாய் இருந்தது.

எதிர்வாதம் மூன்று உண்டு. பல இடங்களின் தரவு ஓரிடத்தில் சேர்ந்தாலன்றிப் பரந்த பார்வை கிட்டாது என்பர் ஒருசாரார். இது மெய்யே, மழையின் போக்கும் நோயின் பரவலும் ஓர் ஊரின் எண்களால் மட்டும் புலப்படா. ஆயின் அதற்குச் சுருக்கம் போதும். ஒவ்வொரு துடிப்பும் வேண்டியதில்லை. முகில் மலிவானது என்பர் வேறு சிலர். தொடக்கத்தில் மலிவாகத் தந்து பின்னர் விலை குறிப்பது வணிகரின் பழைய வழக்கம். கிராமத்தில் கருவியைப் பழுதுபார்க்க ஆள் இல்லை என்பது மூன்றாவது வாதம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இயங்குகின்றன. அதே மாவட்டத்து ஊரொன்றிலுள்ள கருவியைத் திருத்த ஆள் இல்லையென்றால், குறை ஊரினுடையதன்று, பாடத்திட்டத்தினுடையது.

எனினும், இயந்திரத்தை ஊரில் வைத்துவிட்டால் அனைத்தும் நிறைவேறிவிட்டது என எண்ணுவதும் பேதைமையே. பெட்டி ஜெயபுரத்திலும் சாவி வேறிடத்திலும் இருப்பின், அது விளிம்புக் கணிமை என்ற பெயரில் நடக்கும் பழைய குத்தகையே. றிவோல்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை விற்ற நிறுவனத்தை நெஸ்ற் நிறுவனம் 2014 இல் வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியோரின் வீடுகளில் இருந்த நல்ல கருவிகள் ஒரே நாளில் வெறும் பெட்டிகளாயின.

ஆதலின், இத்தகைய கருவிகளை வாங்கும் எந்தக் கூட்டுறவுச் சங்கமும் நான்கு நிபந்தனைகளை விட்டுக்கொடுத்தலாகாது. இணைப்பு அற்றாலும் கருவி தன் கடமையைச் செய்தல் வேண்டும். மூலத்தரவு எவரும் படிக்கக்கூடிய வடிவில் சங்கத்திடமே இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லும் திருத்தும் உரிமையும் சங்கத்தினுடையனவாதல் வேண்டும். எது வெளியே செல்வது என்பதைச் சங்கமே தீர்மானித்தல் வேண்டும். இவற்றை ஏற்காத விற்பனையாளன் விற்க வந்தவனல்லன். வாரிக்கொண்டு போக வந்தவன்.

இந்நான்கையும் ஒப்பந்த மொழியில் எழுதித் தருவது சட்ட மாணவரின் கடன். செயலிற் காட்டுவது பொறியியல் மாணவரின் கடன். விவசாயிக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பது தமிழ் பயில்வோரின் கடன். மூவரும் வாளாவிருப்பின், ஜெயபுரத்துப் பால் எப்போது கெட்டது என்பதை ஜெயபுரத்தார் அயலாரிடம் விலைகொடுத்துக் கேட்டறியும் காலம் வரும்.